சொந்தமாக கெர்னல் எழுத எங்கிருந்து தொடங்குவது? லினக்ஸ் இருக்கும்போது இது வீண் வேலையா?

"வீண் வேலையா" என்று கேட்டதால்தான் எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கிறீர்கள் போல. யாரோ மனதைக் கலைத்திருக்கிறார்கள். என்னிடமும் கேட்டார்கள்: "இதுக்கு பிளேஸ்மென்ட்ல என்ன தம்பி கிடைக்கும்?"

கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. அதை எழுதத் தொடங்க ஓரளவு சி மொழி தெரிந்தால் போதும். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில்தான் நான் தொடங்கினேன். கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலவே நடிக்கும் கியூஎமு என்ற மென்பொருள் அதில் தாராளமாக ஓடியது. முதலில் 512 பைட்டில் பூட் செக்டர் (டிஸ்கில் முதலாவதாகப் படிக்கப்படும் பகுதி) எழுதி, திரையில் ஓர் எழுத்தை வரவழையுங்கள். கடைசி இரண்டு பைட்டும் ஹெக்ஸில் 55, ஏஏ என்று இருந்தால்தான், கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் அதை ஏற்கும். அதோடு கெர்னலை மெமரியில் ஏற்றும் பூட்லோடர் வேலையை கிரப் என்ற ரெடிமேட் மென்பொருளிடம் விட்டுவிட்டு கெர்னலுக்குள் போய்விடுங்கள். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ காலத்தில் பயாஸா என்று கமெண்டில் சிலர் வருவார்கள். வரட்டும், படிப்பதற்கு இதுதான் சுலபம்.

என் உயிரை எடுத்தது இன்டரப்ட், அதாவது டைமர், கீபோர்டு போன்றவை பிராசசரை இடைமறித்துக் கூப்பிடுவது. எந்த எண்ணுக்கு எந்தக் கோடு ஓட வேண்டும் என்று சொல்லும் ஐடிடி அட்டவணையை அமைத்து இன்டரப்டைத் திறந்த உடனே திரையில் "டபுள் ஃபால்ட்" (ஒரு பிழையைக் கையாளும்போதே இன்னொரு பிழை). அப்போது குறுவை அறுத்து, மன்னார்குடிப் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு அப்பாவும் நானும் மாறி மாறிக் காவல் இருந்தோம். படுதா ஓரம் உட்கார்ந்து ஜிடிபி என்ற டீபக்கரில் பார்த்தால், ஸ்டாக்கில் பிராசசர் போட்டுவைக்கும் எர்ரர் கோடே இல்லை. நிஜ டபுள் ஃபால்ட் என்றால் அது இருந்தாக வேண்டும். உண்மையில் வந்தது டைமர் இன்டரப்ட்! முதல் 32 இன்டரப்ட் எண்களை (0 முதல் 31 வரை) இன்டெல் தனக்கென்று ஒதுக்கியிருந்தும், 1981-இல் ஐபிஎம் தன் பிசியில் டைமரை 8-இல் கொண்டுபோய் வைத்துவிட்டது. அதே 8-தான் பிற்பாடு டபுள் ஃபால்ட்டுக்குப் போனது. இன்டரப்ட் கன்ட்ரோலரை 32-லிருந்து தொடங்கும்படி மாற்றியதும் டைமர் ஒழுங்காக ஓடியது.

நெல்தான் ஓடவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். காயவைத்துக் கொண்டுபோனால் சாக்கு இல்லை என்பார்கள். ராத்திரி மழையில் நனைந்த பிறகு, காலையில் மீட்டரை வைத்துப் பார்த்து நம்மையே திட்டுவார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் கேட்பது தனி. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், வேறு எங்கே போய்ச் சொல்ல?

சரி, டைமருக்கு அடுத்து கீபோர்டு, அப்புறம் பேஜிங் (மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுப்பது). அந்தக் கட்டத்தில் எம்ஐடி மாணவர்களுக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கோடைப் படியுங்கள், சில ஆயிரம் வரிகள்தான். லினக்ஸ் மூலத்தை இப்போதைக்குத் திறக்காதீர்கள், மிரண்டுவிடுவீர்கள்.

எனக்கு வேலை கிடைத்தது ஜாவாவில். கெர்னலால் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபைல் சிஸ்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.