கிளட்ச் போனது ஓனர் கணக்கு, மரம் விழுந்தது உங்கள் கணக்கு

கேள்வி: கோவையில் ஒரு டிராவல்ஸில் கேரவன் வண்டியை டிரைவரோடு நாலு நாளைக்கு எடுத்தோம். நாள் வாடகை 13,000, மொத்தம் 52,000 ரூபாய், டெபாசிட் 15,000. குழந்தைகள், மாமனார், மாமியார் சேர்த்து ஆறு பேர். இரண்டாம் நாள் ஊட்டியிலிருந்து மைசூர் வழியாக மடிக்கேரி போகும்போது மதியம் 1 மணிக்குக் கூடலூரில் கிளட்ச் போய்விட்டது. பிளேட் கோவையிலிருந்து வந்து சரியாகும்போது இரவு 9.15. முதுமலை செக்போஸ்ட்டை மூடிவிட்டார்கள். 3,200 கொடுத்து லாட்ஜில் தங்கினோம். மடிக்கேரி ஹோம்ஸ்டேக்கு அந்த இரவுக்காகக் கட்டியிருந்த 9,500 போனது. மடிக்கேரியையே விட்டுவிட்டு மைசூர் மட்டும் பார்த்துத் திரும்பினோம். நாலாம் நாள் திரும்பும்போது கூடலூர்–ஊட்டி ரோட்டில் மழையில் மரம் விழுந்து நாலு மணி நேரம் நின்றதில் கோவை வந்து சேர இரவு 2.30. ராத்திரி 12 தாண்டிவிட்டது என்று இன்னொரு நாள் வாடகை 13,000, மெக்கானிக் செலவில் பாதி 2,000 என்று டெபாசிட் முழுவதையும் ஓனர் பிடித்துக்கொண்டார். 'தாமதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல' என்ற பேப்பரில் நான் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கூடலூரில் மாட்டிக்கொண்டதால் என் மனைவி ஒரு கிளையன்ட் மீட்டிங்கைத் தவறவிட்டு 60,000 ரூபாய் வேலையை இழந்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 லட்சம் நஷ்ட ஈடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. அதைவிட மோசம், 3 லட்சம் என்று எழுதினால் நியாயமாக வரவேண்டிய பணத்தையும் எதிர்த்தரப்பு 'பேராசை' என்று ஒரே வார்த்தையில் கலைத்துவிடும். பயணம் கெட்டுப்போன கோபத்தில் எல்லாவற்றையும் ஒரே தாமதமாகப் பார்க்கிறீர்கள், அது இரண்டு தாமதம். எது யாரால் வந்தது என்று மணிக்கணக்காகப் பிரித்து எழுதினால்தான் இந்த வழக்கு நிற்கும்.

முதலில் கூடலூர். வாடகைக்கு விடும் வண்டியை ஓடும் நிலையில் கொடுப்பது ஓனரின் வேலை. கிளட்ச் பிளேட் பெரும்பாலும் ஒரே நாளில் தேய்ந்து போகிற சாமான் இல்லை, முன்கூட்டியே நழுவ ஆரம்பிக்கும், டிரைவருக்குத் தெரியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாட்டுக்கு இது நேரான உதாரணம். வண்டி ரிப்பேரை இயற்கைச் சீற்றத்தோடு சேர்த்துப் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மெக்கானிக் செலவில் பாதி உங்களுடையது என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. டிரைவர் பயணத்தின்போது ஓனருக்கு 'கிளட்ச் முதல் நாளே சரியில்லை' என்ற மாதிரி ஏதாவது மெசேஜ் அனுப்பியிருந்து அது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் அதைக் குறித்து வையுங்கள், ஆனால் அந்த டிரைவரை எதிர்மனுதாரராகச் சேர்க்காதீர்கள். பாவம், அவரும் அந்த ராத்திரி வண்டியில்தான் படுத்திருப்பார்.

அடுத்து ஓனர் கேட்கப்போவது இதுதான்: வண்டி 9.15-க்கே ரெடி, காடு மூடியது அரசாங்கம், அதற்கு நான் என்ன செய்ய? முதுமலை–பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுவது இன்று நேற்று வந்த விதி இல்லை, பந்திப்பூரில் 2009-இலிருந்தே இருக்கிறது, அந்தப் பக்கம் வண்டி விடும் எவருக்கும் மனப்பாடம். அதனால் மதியம் 1 மணிக்கு நின்ற வண்டியை 9-க்குள் சரிசெய்யாவிட்டால் ஒரு இரவு போய்விடும் என்பது ஓனருக்கு அப்போதே தெரியும். மாற்று வண்டி அனுப்பினாரா? அனுப்பவில்லை என்றால் மனுவில் அதை அழுத்தி எழுதுங்கள். சுல்தான் பத்தேரி, மானந்தவாடி, குட்டா வழியாகச் சுற்றிப் போயிருக்கலாமே என்றும் ஓனர் கேட்கலாம். இழப்பைக் குறைக்க நீங்கள் நியாயமாக முயன்றிருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம் எதிர்பார்ப்பது. வயதானவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, அப்போதுதான் கிளட்ச் மாற்றிய பெரிய வண்டியில், ராத்திரி காட்டு ரோட்டில் போயிருக்க வேண்டும் என்று எந்த நுகர்வோர் ஆணையமும் சொல்லாது.

சரி, எவ்வளவு கேட்பது? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73: ஒப்பந்தத்தை மீறினால் இயல்பாக வரும் இழப்பும், ஒப்பந்தம் போடும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த இழப்பும் கிடைக்கும், தூரத்து இழப்பு கிடைக்காது. உங்கள் மனைவியின் 60,000 அங்கேதான் அடிபடுகிறது. 1854-இல் இங்கிலாந்தில் ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் என்று ஒரு வழக்கு. குளோஸ்டரில் மாவு மில்லின் உடைந்த இயந்திரத் தண்டை, புதியது செய்ய மாதிரியாக, எடுத்துப்போன சரக்குக் கம்பெனி தாமதம் செய்ததில் மில் கூடுதலாகச் சில நாள் மூடிக்கிடந்தது. அந்த லாப இழப்பை மில்காரர் கேட்டார், கிடைக்கவில்லை, ஏனென்றால் தண்டு வராவிட்டால் மில் ஓடாது என்பது கம்பெனிக்குச் சொல்லப்படவில்லை என்று கோர்ட் எடுத்துக்கொண்டது. நம் பிரிவு 73-இன் கீழ் உள்ள உதாரணங்களிலும் ஒரு மில் வருகிறது, அதில் மில் நிற்கிறது என்று சொல்லியே இயந்திரத்தை அனுப்புகிறார், அப்படியும் தாமதத்தால் கைவிட்டுப்போன அரசாங்கக் காண்ட்ராக்ட்டின் நஷ்டம் கிடைக்காது என்றே போட்டிருக்கிறது. ஆகவே வண்டி புக் செய்யும்போதே மீட்டிங்கைப் பற்றி ஓனரிடம் எழுத்தில் சொல்லியிருந்தால் ஒழிய அந்த 60,000-ஐ மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஹோம்ஸ்டே அப்படி இல்லை. பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் ஓனருக்கு அனுப்பியிருப்பீர்கள், இரண்டாம் நாள் இரவு மடிக்கேரி என்று அதில் இருந்தால் 9,500 கேட்கலாம். ஆனால் லாட்ஜின் 3,200-ஐயும் கூடவே கேட்காதீர்கள். வண்டி ஒழுங்காக ஓடியிருந்தாலும் அந்த இரவுக்கு 9,500 செலவு செய்திருப்பீர்கள், ஒரே இரவுக்கு இரண்டு படுக்கைக் கணக்கு வராது. பெரிய தொகையைப் பிடியுங்கள், லாட்ஜ் பில்லை வேறு வழியில்லாமல் அங்கே தங்கினோம் என்பதற்கான சாட்சியாக வையுங்கள். இரண்டாம் நாள் வாடகை 13,000-ஐத் திரும்பக் கேளுங்கள், காலையில் ஊட்டியிலிருந்து கூடலூர் வரை ஓடியதைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், அதற்குத் தயாராக இருங்கள். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் அடக்கமாக ஒரு தொகை போடலாம், எவ்வளவு என்பது ஆணையத்தின் விருப்பம்.

இனி மரம். இங்கே நான் ஓனர் பக்கம். மழையில் மரம் விழுவதற்கு அவர் பொறுப்பில்லை. கிளட்ச் போகாமல் இருந்திருந்தால் வேறு நேரத்தில் அந்த இடத்தைத் தாண்டியிருப்போமே என்று வாதாட ஆசை வரும், வேண்டாம், எடுபடாது. நீங்கள் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க மறந்து கல்லாறு செக்போஸ்ட்டில் நிறுத்தப்பட்டிருந்தால் எப்படி உங்கள் தலையோ, அதே மாதிரி இதுவும் ஓனர் தலையில் ஏறாது. டிரைவருக்கு அந்த நாளுக்கான கூடுதல் பேட்டாவைக் கொடுத்துவிடுங்கள், தகராறு உங்களுக்கும் ஓனருக்கும்தான். ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கு முழு நாள் வாடகையா? 12 மணிக்கு 12 மணி நாள் கணக்கு நம் ஊர் டிராவல்ஸ் வழக்கம், பேப்பரில் இருந்தால் அதற்கு ஓரளவு மதிப்பும் உண்டு. இருந்தாலும் மரத்துக்காக நின்றதையும் அபராதம் போல வசூலிக்க முடியாது, ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74-இன்படி முன்கூட்டியே எழுதிவைத்த தொகை என்பது உச்ச வரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். விடியற்காலை வேறு புக்கிங் இருந்து அது கெட்டதா என்று கேளுங்கள். உங்களுக்கு ஒரு இரவையும் பகலில் பாதியையும் இழக்கவைத்தவர் தனக்கு இரண்டரை மணி போனதற்கு ஒரு முழு நாள் கேட்கிறார் என்பதை மனுவில் பக்கத்துப் பக்கத்து வரியில் எழுதினாலே போதும்.

கையெழுத்துக்கு அதிகம் பயப்பட வேண்டாம். தன் சேவைக் குறைபாட்டுக்கே பொறுப்பில்லை என்று எழுதி வாங்குவதால் குறைபாடு மறைந்துவிடாது. ஒரு நுணுக்கம்: அந்த ஷரத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவித்து ரத்து செய்யும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான், மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. அதனால் 'ஒப்பந்தத்தை ரத்து செய்' என்று கேட்காமல் குறைபாட்டுக்கு இழப்பீடு என்று மட்டும் கேளுங்கள்.

முதலில் ஓனருக்கு நீங்களே ஒரு நோட்டீஸ் எழுதி ஸ்பீட் போஸ்ட்டிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், 15 நாள் டைம் கொடுங்கள், 13,000-மும் 2,000-மும் பிடித்ததற்குப் பில் கேளுங்கள். தரவேண்டிய பில்லைத் தராமல் இருப்பதே நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனிலும் சொல்லிவையுங்கள், சில ஓனர்கள் அதோடு பேச வந்துவிடுவார்கள். வரவில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், நீங்கள் வேறு ஊரில் குடியிருந்தால் அங்கேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனில் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடம் தாண்டக் கூடாது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட இழுக்கும். போன் மாற்றினால் பழையதை விற்காதீர்கள், வாட்ஸ்அப் மெசேஜ்களுக்கு சாட்சியச் சட்டம் 2023-இன் பிரிவு 63 சொல்லும் மின்னணு ஆவணச் சான்றிதழ் கேட்டால் அந்த போன் தேவைப்படும்.

கடைசியாக, கேள்வியோடு நீங்கள் அனுப்பிய வண்டிப் படத்தில் நம்பர் பிளேட் வெள்ளையாக இருக்கிறது. டிரைவரோடு வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் போர்டும் டூரிஸ்ட் பெர்மிட்டும் இருக்க வேண்டும். எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள், சொந்த உபயோகம் என்று பதிவாகியிருந்தால் அது மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ-யில் தண்டனைக்குரியது, விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தட்டிக்கழிக்கப் பார்க்கும் காரணமும் அதுதான். இந்த விஷயத்தை ஆணையத்தில் மனுவிலேயே எழுதுங்கள், ஆர்டிஓவுக்குத் தனியாகப் புகாரும் கொடுக்கலாம். ஆனால் 'பணம் தராவிட்டால் ஆர்டிஓவிடம் போவேன்' என்று ஓனருக்கு மெசேஜ் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்டதாக அந்த மெசேஜையே அவர் திருப்பிப் போடுவார், அப்புறம் கிளட்ச்சைப் பற்றிப் பேசவே நேரம் இருக்காது.