கோழி உண்ணியைத் தின்னும், ஆனால் விடியலில் திறந்துவிட வேண்டும்

கேள்வி: ஐயா, எங்களுக்குத் தம்பலகாமத்தில் ஒன்றரை ஏக்கர் காணி. ஏழு மாடுகள், ஒரு நாய். இந்தக் கோடையில் உண்ணித் தொல்லை தாங்க முடியவில்லை. போன கிழமை மகனின் காதுக்குப் பின்னாலும் ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. கோழி வளர்த்தால் மருந்தே தேவையில்லை என்று பக்கத்து வளவு அக்கா சொல்கிறா. உண்மையா? என்ன கோழி, எத்தனை வாங்கலாம்?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: தங்கச்சி, முதலில் மகனைக் கவனியுங்கள். கடித்த நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல், தலையிடி, தோலில் சிவப்புப் புள்ளி என்று ஏதாவது கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உண்ணி கடித்தது என்பதை நீங்களாகவே டொக்டரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார். இனி ஒன்று கடித்திருக்கக் கண்டால் மண்ணெண்ணெய் பூசுவதோ நெருப்புக்குச்சியால் சுடுவதோ வேண்டாம். தோலோடு ஒட்டிச் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். காதுக்குள்ளே போயிருந்தால் நோண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனிக் கோழி. கோழி உண்ணி தின்னும் என்பது மெய். மருந்தே தேவையில்லை என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

மாட்டுண்ணியின் சீவியம் தெரிந்தால் ஏன் என்று விளங்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு உண்ணி புல் நுனியில் ஏறிக் காத்திருந்து மாட்டில் தொற்றும். ஏறின மாட்டிலேயே மூன்று கிழமையளவு இருந்து இரத்தம் குடித்து வளரும். வயிறு நிறைந்த பெண் உண்ணி தானாகவே கழன்று விழும், ஊர்ந்துபோய்க் குப்பைக்கும் பற்றைக்கும் அடியில் 2000, 3000 முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். அந்தக் கொழுத்த உண்ணியைக் கோழி கொத்தி விழுங்கினால் அத்தனை முட்டையும் அதோடு போச்சு. உங்களுக்கு ஆதாயம் அங்கேதான்.

இந்தப் பெண் உண்ணிகள் பெரும்பாலும் விடியப்புறத்தில்தான் விழும். எட்டு மணிக்குக் கூட்டைத் திறந்து, ஒரு சிரட்டை குறுணலையும் எறிந்துவிட்டு, கோழி உண்ணி பொறுக்கவில்லை என்று குறை சொல்வதில் பயனில்லை. நிலம் வெளிக்கும்போதே திறந்துவிடுங்கள், மாடுகளை உடனே அவிழ்க்காமல் பட்டியிலேயே கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். தீனியைப் பின்னேரம் வையுங்கள். கோழியும் நேரத்துக்குக் கூடு திரும்பும். பழகின பெட்டைக் கோழி படுத்திருக்கும் பசுவின் பின்தொடைக்கும் மடிக்கும் இடையில் தலையை நுழைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்கும். பசுவும் அசையாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடக்கும். பார்க்கப் பார்க்க ஆசையாயிருக்கும். மடியில் புண் உள்ள மாட்டை மட்டும் தள்ளிக் கட்டுங்கள், கோழி புண்ணையும் கொத்தும். கென்யாவில் செய்து 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வில், உண்ணி பிடித்த மாடுகளுக்கிடையே கோழிகளை மேயவிட்டு, பிறகு இரைப்பையைத் திறந்து பார்த்தார்கள். சிலவற்றில் நூற்றுக்கு மேற்பட்ட உண்ணிகள் இருந்தன.

ஆனால் புல்லில் இருக்கும் குஞ்சு உண்ணி கோழியின் கண்ணில் படுவது அரிது. அதற்கு உங்கள் கைதான் வேண்டும். பட்டியைச் சுற்றியும் வீட்டுக்குப் போகும் பாதையோரமும் பற்றையை வெட்டி வெயில் படவிடுங்கள். எங்கள் கோடை வெயிலும் கச்சான் காற்றும் குஞ்சு உண்ணியைக் காயவைத்துவிடும். நிழலும் ஈரமும் இருந்தால்தான் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாயில் இருப்பது பெரும்பாலும் வேறு இனம். அது சுவர் வெடிப்பிலும் நாய் படுக்கும் சாக்குக்கு அடியிலும் ஒளிந்திருக்கும், கோழி அங்கே எட்டாது. நாய்க்கு மிருக வைத்தியரிடம் மருந்து எடுக்கத்தான் வேண்டும்.

மாட்டுக்கு மருந்து அடிக்கும் நாளில் கோழியை அடைத்து வையுங்கள். விழும் உண்ணியிலும் நஞ்சு இருக்கும், அது முட்டை வழியாக உங்கள் குசினிக்கு வரக்கூடாது. எத்தனை நாள் அடைப்பது என்பது மருந்தைப் பொறுத்தது, வைத்தியரிடமே கேளுங்கள். ஒரு மாடு சிவப்பாக மூத்திரம் பெய்தால் கோழியையும் நம்பாதீர்கள், இந்த ஏட்டையும் நம்பாதீர்கள், அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிடுங்கள். அது உண்ணி கொண்டுவரும் இரத்த நோயாக இருக்கலாம்.

வாங்குவதென்றால் ஊர்க்கோழி. புரொயிலர் தீனித் தட்டை விட்டு நகராது. உங்கள் ஏழு மாட்டுக்குப் பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் போதும். கூடினால் மரக்கறிப் பாத்தி மிஞ்சாது. வாங்கினதும் ராணிக்கெட் என்ற கோழி நோய்க்குத் தடுப்பூசி போடுங்கள். கூட்டை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டுங்கள், உங்கள் பக்கம் கீரியும் மரநாயும் உண்டு. கோழிக்கென்றே ஓர் உண்ணியும் இருக்கிறது. பகலில் பலகை வெடிப்பில் கிடந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். இடைக்கிடை இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள், வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசுங்கள்.

கேள்வி: கோழியை விடக் கினிக்கோழி திறம் என்கிறார்களே?
– வாசகர், நிலாவெளி

பதில்: தம்பி, அது பாத்தியைக் குறைவாகக் கிளறும், தூரமும் போய் மேயும். அமெரிக்காவில் லோங் ஐலண்டில் செய்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், கினிக்கோழி மேய்ந்த புல்தரையில் வளர்ந்த உண்ணிகள் குறைந்தன. சிறியவை குறைந்ததாகத் தெரியவில்லை. அதுவும் கண்ணில் படுவதைத்தான் பொறுக்கும். சத்தமோ பெரிய சத்தம். பக்கத்தில் ஹோட்டலோ நெருங்கிய வீடுகளோ இருந்தால் ஊர்க்கோழியே வையுங்கள்.