முனியாண்டியை எத்தனை எழுத்துக்கூட்டலில் தேடுவது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), கடிதங்களை ஸ்கேன் செய்து, லூசீன் (Lucene) என்ற தேடல் மென்பொருளின் அடிப்படையிலான தேடலில் ஏற்றியிருக்கிறோம். தாத்தா பெயர் முனியாண்டி. தேடினால் பாதிப் பக்கங்கள்கூட வரவில்லை. ஏன்?

பதில்: கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்) காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்த பெயர்கள் அவை. ஒரே ஆள் ஒரு பக்கத்தில் 'ஐ'யில் முடிவார், அடுத்த பக்கத்தில் 'வொய்'யில். நடுவில் ஒரு 'வொய்' சில இடங்களில் கூடியிருக்கும். எழுத்து எங்கே மாறுகிறதோ அங்கேதான் குறி போட வேண்டும்: எம்-யூ-என், ஒரு நட்சத்திரக்குறி, ஏ-என்-டி, கடைசியில் ஒரு கேள்விக்குறி. நட்சத்திரம் எத்தனை எழுத்தையும் ஏற்கும், எழுத்தே இல்லாவிட்டாலும் ஏற்கும். கேள்விக்குறி சரியாக ஒன்றைத்தான் ஏற்கும். முடிவில் இரட்டை 'ஈ' போட்டு எழுதியிருந்தால் அது நழுவிவிடும், அங்கேயும் நட்சத்திரமே நல்லது. எம்-யூ-என்-னோடு நிறுத்தி நட்சத்திரம் போட்டால் முனுசாமி, முனியம்மா, மலாய்க் கடிதத்து 'முனாசபா' எல்லாம் வந்து கொட்டும்.

சொல்லின் தலையில் நட்சத்திரம் வேண்டாம். சொற்பட்டியல் முழுவதையும் புரட்ட வேண்டியிருப்பதால் பல அமைப்புகளில் அதைத் தடுத்தே வைத்திருப்பார்கள். மேற்கோளுக்குள் போட்ட நட்சத்திரமும் வேலை செய்யாது.

பலரும் தடுக்கி விழுவது, மலேசியப் பெயர்களில் 'மகன்', 'மகள்' என்று குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி'யில்தான். சாய்கோட்டுக்கு லூசீனின் தேடல் கட்டளை மொழியில் தனி வேலை உண்டு, அதனால் தேடல் பிழை காட்டி நின்றுவிடும். அதை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தோட்டம் சில தாளில் 'எஸ்டேட்', சில தாளில் மலாயில் 'லாடாங்'. இரண்டையும் 'ஆர்' (OR) போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அடைப்பில்லாமல் 'பெயர் ஆண்ட் லாடாங் ஆர் எஸ்டேட்' என்றால் பெயரும் லாடாங்கும் கட்டாயமாகி, எஸ்டேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். 'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' மூன்றும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

சுப்பிரமணியம் போன்ற நீளப் பெயருக்கு, சொல்லின் இறுதியில் அலைக்குறியும் (~) 2-உம் போடுங்கள். இரண்டு எழுத்து வரை பிசகினாலும் பிடிக்கும். 'பி'க்குப் (B) பதில் வல்லின ஒலிக்கான 'பி' (P), 'ஐ'க்குப் பதில் 'வொய்' என்றால் இரண்டு, அது வரும். அந்த வல்லின 'பி'யை இரட்டித்து, பின்னால் ஓர் 'ஐ'யும் சேர்த்திருந்தால் மூன்று மாற்றம், வராது. அதற்குத் தனியாக நட்சத்திரத் தேடல்தான் வழி.

தமிழ்த் தாள்களில் கணக்கே வேறு. 'மு' நம் கண்ணுக்கு ஓரெழுத்து. யூனிகோடில் அது 'ம'வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. ஆகவே ஒரு கேள்விக்குறி போதாது, இரண்டு வேண்டும். தமிழுக்கு நட்சத்திரமே எளிது: 'சுப்*மணிய*' என்றால் சுப்ரமணியமும் சுப்பிரமணியனும் சேர்ந்து வருவார்கள்.

எதுவுமே வராத பக்கத்தில் மவுஸால் ஒரு வரியைத் தேர்ந்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தேர்வே ஆகவில்லையென்றால் அது வெறும் படம், முதலில் ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றுவது) செய்ய வேண்டும். தமிழாகத் தெரிந்தது ஒட்டியதும் புரியாத ஆங்கில எழுத்தாகவும் குறிகளாகவும் மாறினால், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அதை மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.