மூன்றடியில் தவறும் பந்து

கேள்வி: கோல்ஃப் ஆட்டத்தில் தொலைவிலிருந்து பந்தைக் குழிக்கு அருகே கொண்டுவந்துவிடுகிறேன், ஆனால் எஞ்சிய மூன்றடியில்தான் தவறவிடுகிறேன். எவ்வாறு திருத்திக்கொள்வது?

பதில்: குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர் என்பதால், சமதளத்தில் மெதுவாக உருளும் பந்து மூன்றடித் தொலைவிலிருந்து இருபுறமும் ஏறக்குறைய 3 பாகை விலகினாலும் உள்ளே விழுந்துவிடும். ஆகவே குறை பெரும்பாலும் கண்ணில் இல்லை. பந்து விழுகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் தலை முன்கூட்டியே நிமிர, தோள் திரும்பி, பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) முகமும், அதாவது பந்தில் படும் பக்கமும், கோணிவிடுகிறது. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த முகமே. பந்து விழும் ஓசை கேட்கும்வரை தலையை அசைக்காதீர்கள். மட்டையைச் சிறிதளவே பின்னிழுத்து, தயங்காமல் அடியுங்கள். நீளமாகப் பின்னிழுத்துவிட்டு அடிக்கும் கணத்தில் வேகத்தைக் குறைப்பதே பலரின் வழக்கம்.

1970ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், பிரிட்டனின் ஓப்பன் கோல்ஃப் பட்டத்துக்கான கடைசிக் குழியில் ஏறக்குறைய மூன்றடித் தொலைவிலிருந்து அடிக்க வேண்டியிருந்த அமெரிக்க ஆட்டக்காரர் டக் சாண்டர்ஸ், பந்தின் பாதையில் எதையோ அகற்றக் குனிந்தார். பின்னர் விலகி நின்று புதிதாகத் தொடங்காமலே அடித்துத் தவறவிட்டு, மறுநாள் ஜாக் நிக்லஸிடம் தோற்றார். கவனம் கலைந்தால் நீங்கள் விலகிவிடுங்கள். உடன் ஆடுவோர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

பயிற்சிக்கு, மட்டைத் தலை மட்டுமே நுழையும் இடைவெளியில் இரண்டு டீ குச்சிகளை (முதல் அடிக்குப் பந்தை ஏந்தி நிற்கும் சிறு குச்சிகள்) ஊன்றி, அவற்றைத் தொடாமல் அடித்துப் பழகுங்கள்.