ஒகேனக்கல்லில் புகைவது எது? எரிமலைக் கேள்விகளும் பதில்களும்

முப்பது வருஷமாக தருமபுரி, கிருஷ்ணகிரி பாறைகளைச் சுற்றி வந்தவன் என்பதால் இந்தக் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பாலக்கோடு மாணவர்: பூமிக்குள்ளே முழுக்க நெருப்புக் குழம்புதானே சார்? அது பொத்துக்கொண்டு வருவதுதானே எரிமலை?

இல்லை தம்பி. நம் காலுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை பெரும்பாலும் திடப் பாறைதான். சூடு இருந்தாலும், மேலிருந்து அமுக்கும் பாரம் அதை உருகவிடாது. உருகுவதற்கு ஒரு சாக்கு வேண்டும். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. அதில் கடலடித் தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே சொருகும்போது தண்ணீரையும் இழுத்துப் போகிறது. நீர் சேர்ந்தால் பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். ஜப்பான், இந்தோனேசியா எரிமலைகள் அப்படி வந்தவை. தட்டுகள் விலகினால் பாரம் குறைந்து உருகும்; ஐஸ்லாந்து அந்த வகை. ஹவாயில் தட்டின் நடுவிலேயே அடியிலிருந்து சூடு மேலேறுகிறது.

அரூர் வாசகி: சில எரிமலை வழிகிறது, சில வெடிக்கிறது. ஏன் ஐயா?

உங்கள் அடுப்பிலேயே பதில் இருக்கிறதம்மா. ராகிக் கூழ் கொதித்தால் குமிழி சத்தமில்லாமல் உடையும். களி கிண்டும்போது பாருங்கள், ஆவி வெளியேற வழியில்லாமல் 'பொளக்' என்று தெறித்துக் கையைச் சுடும். சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற பொருள், குறைந்த குழம்பு கூழ் மாதிரி. வெகுதூரம் ஓடிப் பரவி, ஹவாயின் மௌனா லோவா போலக் கவிழ்த்த தட்டாக அகன்ற மலையாகும். சிலிக்கா கூடியது களி. வாயுவை அடைத்து வைத்து வெடிக்கும். சாம்பலும் குழம்பும் மாறி மாறிப் படிந்து செங்குத்தாக உயரும். இன்னொன்று, கக்கிய கங்குகள் வாயைச் சுற்றிக் குவிந்து எழும் கங்குக் கூம்பு. மெக்சிகோவில் 1943ல் ஒரு விவசாயியின் சோளக் கொல்லையில் நிலம் பிளந்து பரிகுட்டின் பிறந்தது. 1952ல் அடங்கியபோது 424 மீட்டர் உயரம். கொல்லை போனது போனதுதான்.

ஓசூர் நண்பர்: இந்தியாவில் உண்டா?

அந்தமானில் பாரன் (Barren) தீவு, ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991ல் மறுபடி கக்கியது. ஆள் கிடையாது, அதனால் பிழைத்தோம்.

காவேரிப்பட்டினம், குவாரியில் வேலை செய்தவர்: நாங்கள் வெட்டிய கறுப்பு கிரானைட் எரிமலைக் கல் என்கிறார்கள். நிஜமா?

பாதி நிஜம். முதலில் அது கிரானைட்டே இல்லை. வியாபாரத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். டோலரைட் என்பதுதான் சரி. 200 கோடி வருஷத்துக்கும் முன்னால் விரிசல்களில் ஏறிய குழம்பு, வெளியே வராமல் வழியிலேயே இறுகிவிட்டது. நீங்கள் வெட்டியது நீளமாக, சுவர் மாதிரி ஓடியிருக்குமே? அது அந்த விரிசலின் வடிவம். பாலிஷ் போட்ட பலகை மேல் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள், ஊசி ஊசியாகப் படிகங்கள் மினுங்கும். நிலத்துக்குள் மெல்ல ஆறியதால் அவை வளர நேரம் கிடைத்தது. வெளியே கொட்டி ஆறிய மராட்டியப் பக்கத்துக் கறுங்கல்லில் மணிகள் இன்னும் பொடி.

பென்னாகரம் நண்பர்: கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. ஒகேனக்கல், புகையும் கல். அங்கே எரிமலை இருந்ததா?

அந்தப் புகை வெறும் சாரல். காவிரி விழுந்து தெறிக்கிற நீர்த்தூள். ஆனால் ஆசையாகக் கேட்டதற்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பகுதியில் கார்பனடைட் என்ற அபூர்வக் கல் உண்டு. சுண்ணாம்புக்கல் போலத் தெரியும், ஆனால் குழம்பாக மேலேறி, நிலத்துக்குள்ளேயே இறுகியது. இந்த வகைக் குழம்பை இன்றைக்கும் கக்குகிற எரிமலை உலகத்தில் ஒன்றே ஒன்று, தான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய். சாதாரண லாவா 1,100 டிகிரி என்றால் அது 500, 600 டிகிரிதான். கறுப்பாக, கூழைவிடத் தண்ணியாக ஓடி, காற்று பட்டதும் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். அடுத்த முறை பரிசலில் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள். மீன் வறுவல் வாசனையில் மறந்துபோனாலும் குற்றமில்லை.