கட்டுப்பாடும் இஸ்திரிப் பெட்டியும்

கேள்வி: என் மகளுக்கு ஒரு கிறிஸ்தவப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. நாங்கள் இந்துக்கள். கட்டுப்பாடு நன்றாக இருக்கும் என்கிறார்கள் சிலர். பைபிள் படிக்கச் சொல்வார்கள் என்று பயமுறுத்துகிறார்கள் சிலர். சேர்க்கலாமா?
ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: பைபிள் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிறுவனம் எதுவும், சம்மதமில்லாத மாணவரை மத போதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. அரசியல் சட்டம் 28(3) சொல்வது அது. ராமேஸ்வரத்து இமாமின் மகன் அப்துல் கலாம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுத்தான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு விமானப் பொறியியல் படிக்கப் போனார்.

என்னை உறுத்துவது அந்தக் 'கட்டுப்பாடு'. அட்மிஷன் சமயத்தில் வருஷா வருஷம் இந்தச் சொல்லோடு கடிதங்கள் வருகின்றன. எல்லாம் மகளுக்காக. மகன் சேரும் கல்லூரியில் கட்டுப்பாடு உண்டா என்று கேட்டு ஒரு கார்டுகூட வந்ததில்லை.

உங்கள் மகள் எடுத்திருக்கும் மெக்கானிக்கலில் கட்டுப்பாடு ஒரு பாடமே. வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய சின்னப் பட்டை இருக்கிறது. சூடு ஏறினால் ஒன்று அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும். பட்டை வளைந்து மின்சாரம் அறுபடும், விளக்கு அணையும். ஆறியதும் பட்டை நிமிரும், விளக்கு எரியும். தன் சூட்டைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்வதால்தான் சேலை கருகாமல் தப்புகிறது. பின்னூட்டம் என்பார்கள். அது இல்லாத கட்டுப்பாடு வெறும் பூட்டு. மாணவிகள் விடுதி ஆறு மணிக்குப் பூட்டு, பையன்கள் எட்டு மணி வரை லேபில் என்றால், அவள் கையிலிருக்கும் புராஜெக்ட்டைப் பாதியில் போட்டுவிட்டு ஓட வேண்டும். இது சரியில்லை என்று அவள் யாரிடம் சொல்வது, சொன்னால் நேரம் மாறுமா? முதல்வரிடம் இதைக் கேளுங்கள்.

கிறிஸ்தவக் கல்லூரி, பொறியியல் என்று சேர்த்துச் சொன்னாலே எனக்கு அலகாபாத் ஞாபகம் வந்துவிடும். யமுனைக்கு அக்கரையில், நைனியில், சாம் ஹிக்கின்பாட்டம் என்ற மிஷனரி 1910இல் தொடங்கிய வேளாண் கழகம். 1921இல் அங்கே வந்த அமெரிக்கப் பொறியாளர் மேசன் வாஹ், நம் ஊர் மாட்டுக்குத் தோதான இரும்புக் கலப்பைகளைச் செய்தார். ஒன்றின் பெயரே 'சபாஷ்'. நாட்டிலேயே முதன்முதலாக வேளாண் பொறியியல் பட்டப்படிப்பு 1942இல் அங்கேதான் ஆரம்பமானது. கலப்பை முன்னே, பட்டம் பின்னே. அந்த வரிசைதான் எனக்குப் பிடிக்கிறது.

கல்லூரி வாசலில் வேலை கிடைத்தவர்களின் படத்தை ஃப்ளெக்ஸில் அடித்துத் தொங்கவிடும் பழக்கத்தோடு இந்தப் பக்கத்தில் பல வருஷமாகச் சண்டை போடுகிறேன், இனியும் போடுவேன். அந்த ஃப்ளெக்ஸைத் தாண்டி நேரே பட்டறைக்குப் போங்கள், மகளோடு. முதல் வருஷத்தில் ஓர் இரும்புத் தகட்டை அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்வார்கள். இடுக்கில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ராவ வேண்டும். தோள் வலிக்கும். அந்த வேலை அங்கே உண்மையில் நடக்கிறதா என்று தெரிய, தகட்டைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் அடியில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். இரும்புத்தூள் ஒட்டினால் சேர்த்துவிடுங்கள்.