அமெரிக்காவில் வீடுகள் மட்டுமே உள்ள தெருவில் ஹாஃப்வே ஹவுஸ் நடத்துவதை நகர நிர்வாகம் ஜோனிங் விதியால் (எந்தப் பகுதியில் எதை நடத்தலாம் என்று சொல்லும் விதி) தடுக்க முடியுமா?

சில இல்லங்களைத் தடுக்கலாம், சிலவற்றைத் தடுக்க முடியாது. அங்கே யார் தங்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை பேர், எத்தனை அடி தூரம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நிறையப் பேர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் ஜோனிங் விதிகளைப் புரட்டவே ஆரம்பிக்கிறார்கள்.

ஹாஃப்வே ஹவுஸ் என்ற பெயரில் இரண்டு வகை இல்லங்கள் இருக்கின்றன. தண்டனையின் கடைசி மாதங்களைக் கழிக்கக் கைதிகளை அனுப்பும் இல்லம் ஒன்று. குடியையும் போதையையும் விட்டவர்கள் சேர்ந்து வாழும் சோபர் ஹோம் இன்னொன்று. 1988-ல் திருத்தப்பட்ட ஃபேர் ஹவுசிங் சட்டம், வீட்டுவசதியில் பாகுபாடு காட்டுவதிலிருந்து மாற்றுத்திறனாளிகளைப் பாதுகாக்கிறது. போதையிலிருந்து மீண்டு வருகிறவர்களும் அதில் அடக்கம். இன்றும் சட்டவிரோதப் போதைப்பொருள் எடுப்பவருக்கு அது பொருந்தாது. குற்றப் பதிவு இருப்பது மட்டும் ஊனம் ஆகாது. அதனால் முதல் வகை இல்லத்தை 'தொழிற்பேட்டைப் பகுதியில் வைத்துக்கொள்' என்று நகரம் ஒதுக்கினால், பெரும்பாலும் இந்தச் சட்டம் துணைக்கு வராது.

சோபர் ஹோமுக்கு வழக்கமாக வரும் முட்டுக்கட்டை, 'குடும்பம்' என்பதற்கு நகரம் தரும் விளக்கம். வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரத்தில் உறவினர் எத்தனை பேரும் இருக்கலாம், உறவில்லாதவர் என்றால் ஐந்து பேர்தான். பத்துப் பன்னிரண்டு பேர் வாழ்ந்த ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் என்ற சோபர் ஹோம் அதில் சிக்கியது. அந்த விதி ஃபேர் ஹவுசிங் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பை அளவுக்கு மீறிப் படிக்கிறவர்கள் உண்டு. விதி செல்லாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின் அளவுகோலிலிருந்து அது தப்ப முடியாது என்றுதான் சொன்னது. கலிஃபோர்னியா நிலைமை வேறு. உறவில்லாதவர் எண்ணிக்கைக்கு வரம்பு போடுவதை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1980-லேயே தள்ளிவிட்டது.

அடுத்தது, இப்படிப்பட்ட இரண்டு இல்லங்களுக்கு நடுவே இத்தனை அடி தூரம் வேண்டும் என்ற இடைவெளி விதி. இதில் நாடு முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்தில் 1,320 அடி இடைவெளியை 8-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (மாநிலங்களை வட்டாரங்களாகப் பிரித்து நடக்கும் மத்திய நீதிமன்றங்களில் ஒன்று) 1991-ல் ஏற்றது. மிச்சிகனின் 1,500 அடி விதியை 6-வது வட்டார நீதிமன்றம் 1996-ல் செல்லாது என்றது. ஃப்ளோரிடா சட்டம், மாநில உரிமம் பெற்ற ஆறு பேர் வரையிலான இல்லத்துக்கு 1,000 அடியும் ஏழு முதல் பதினான்கு பேர் இல்லத்துக்கு 1,200 அடியும் கேட்கிறது. ஆகவே உங்கள் ஊர் எந்த வட்டாரத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

விதி தடுத்தால் ரீசனபிள் அக்காமடேஷன், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்காக விதியில் நியாயமான விலக்கு, கேட்கலாம். எழுத்திலேயே கேளுங்கள், முடிந்தால் ஆட்கள் குடிவருவதற்கு முன்பே. எந்தப் பிரிவிலிருந்து விலக்கு, எத்தனை பேருக்கு, அந்த எண்ணிக்கை ஏன் தேவை என்ற மூன்றும் இருக்க வேண்டும். பல விண்ணப்பங்கள் விழுவது மூன்றாவதில்தான். 'பன்னிரண்டு பேர் வேண்டும்' என்றால் போதாது. குறைந்தால் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் முறை ஏன் நடக்காது, வாடகை ஏன் கட்டுப்படியாகாது என்று கணக்கோடு காட்ட வேண்டும். மறுபடி போதைக்குத் திரும்பியவரை வெளியேற்றும் வீட்டு விதியையும் இணையுங்கள். தங்குபவர்களின் பெயர், மருத்துவக் குறிப்பு எதையும் கொடுத்துவிடாதீர்கள். எந்த வகையினருக்கான இல்லம் என்ற விவரமே போதும்.

அக்கம்பக்கத்தார் பயம் மட்டும் சட்டப்படி காரணம் ஆகாது. டெக்சஸின் கிளெபர்ன் நகரம், மனவளர்ச்சி குன்றிய 13 பேருக்கான இல்லத்துக்கு அனுமதி மறுத்தபோது, அந்த இடம் ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய பகுதி என்றும் ஒரு காரணம் சொன்னது. அதே இடத்தில் முதியோர் இல்லத்துக்குத் தடை இல்லை; அதற்கு மட்டும் அந்த வெள்ளம் வழிவிடும்போல! 1985-ல் உச்ச நீதிமன்றம் மறுப்பை ரத்து செய்தது. அதனால் நகர மன்றக் கூட்டங்களின் பதிவுகளைச் சேர்த்து வையுங்கள். கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரம் இத்தகைய இல்லங்களைக் கட்டுப்படுத்த 2008-ல் போட்ட விதியை எதிர்த்த வழக்கில் அந்த விதியின் பின்னணியும் நோக்கமுமே எடைபோடப்பட்டன. 2015-ல் நகரம் 52.5 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

ஜோனிங்கில் ஜெயித்தவர்கள் தீயணைப்பு விதியில் மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பில், மேற்பார்வையோடு கவனிப்பு தரும் இல்லத்தில் ஆறு முதல் பதினாறு பேர் என்றால் ஆர்-4 வகை. அதற்கு மேல் ஐ-1. சாதாரண வீட்டை ஆர்-4 ஆக மாற்றினால் தண்ணீர் தெளிப்பான் அமைப்பு வேண்டும் என்பார்கள். தெருக்குழாயில் அழுத்தம் போதாவிட்டால் தொட்டி, பம்பு என்று செலவு ஏறும். வீடு பார்க்கும்போதே ஒரு ஸ்பிரிங்க்ளர் ஒப்பந்தக்காரரைக் கூட்டிப் போங்கள்.

மறுப்பு வந்தால், மத்திய வீட்டுவசதித் துறையான ஹட்-இல் புகார் தர ஓராண்டும் வழக்குப் போட இரண்டாண்டும் உண்டு. ஜோனிங் புகார்களை ஹட் நீதித்துறைக்கு அனுப்பிவிடும். ஆனால் நகரத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்யப் பல ஊர்களில் சில நாட்கள்தான் தருகிறார்கள்; மறுப்புக் கடிதம் கைக்கு வந்த அன்றே அந்தக் கடைசித் தேதியைப் பாருங்கள்.